ஒனோரின் போட்ட ஓட்டு

ஸ்பிரேக்கின் கடைக்கதவில் வாக்காளர் பட்டியல் தொங்கியது. ஊருக்குத் தபால் ஆபீஸும் அந்தக் கடைதான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினேழு, நவம்பர் மாதக் கடைசி. மண்ணெண்ணெய் வாங்கப் போன புரோகிப் பட்டியலுக்கு முன்னால் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். ஆங்கில எழுத்தில் அவனுக்குத் தன் பெயர் மட்டும்தான் அடையாளம் தெரியும். மேலிருந்து கீழே ஒரு தடவை, கீழிருந்து மேலே ஒரு தடவை விரலை ஓட்டிப் பார்த்தும் அது அகப்படவில்லை. வண்டியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த மைத்துனன் நோர்பேரைக் கூப்பிட்டான்.

"உங்க பேரு இல்ல அத்தான்."

"நல்லாப் பாரு."

"பாத்துட்டேன். அக்கா பேரு இருக்கு."

புரோகிப்புக்குச் சிரிப்பு வந்தது. எவனோ குடித்துவிட்டு எழுதியிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனான். கணப்பைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஸ்பிரேக் தராசைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"ஆஸ்திரியாவுல பிறந்தவனுக்கு இந்தத் தடவை கிடையாதுப்பா. நான் போட்ட சட்டமில்ல. நான் பேரைத்தான் எழுதினேன்."

"நான் ராஜா பேருல சத்தியம் பண்ணிக் காயிதம் வாங்கினவன். பத்து வருசமாச்சு."

"அந்த ராஜா செத்தே ஏழு வருசமாகுது."

கணப்பைச் சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். புரோகிப் மண்ணெண்ணெயை வாங்காமலே வந்துவிட்டான். அன்று ராத்திரி அந்த வீட்டில் விளக்கு இல்லை.

அந்த வருஷம் தலைநகர் ஒட்டாவாவில் உட்கார்ந்து போட்ட சட்டம் அது. சண்டைக்குப் போனவனின் தாய், மனைவி, அக்கா தங்கை, மகள் எல்லோருக்கும் ஓட்டு உண்டு. ஆஸ்திரியா மாதிரி எதிரி தேசத்தில் பிறந்து, கடைசிப் பதினைந்து வருஷத்துக்குள் இங்கே குடியுரிமை வாங்கியவனுக்கு ஓட்டு இல்லை. கட்டாயமாக ஆள் பிடித்துச் சண்டைக்கு அனுப்பலாமா கூடாதா என்பதற்குத்தான் தேர்தலே. 'அனுப்பு' என்று சொல்லக்கூடியவளுக்கு ஓட்டைக் கொடுத்து, 'வேண்டாம்' என்று சொல்லக்கூடியவனிடமிருந்து பிடுங்கிக்கொண்டால் ஜெயிப்பதற்கு என்ன கஷ்டம்? இந்த வித்தையைக் கண்டுபிடித்தவன் லேசுப்பட்டவன் இல்லை.

புரோகிப் கலீசியாவிலிருந்து வந்தவன். பிறந்தபோது அது ஆஸ்திரியச் சக்கரவர்த்தியின் சொத்து. அந்தச் சக்கரவர்த்தியின் வரியும் பட்டாளமும் வேண்டாமென்றுதான் கப்பல் ஏறினான். இங்கே வந்தபிறகு அதே சக்கரவர்த்தியின் ஆளென்று பெயர் வாங்கினான். அவன் மனைவி ஒனோரின் அந்தச் சஸ்காச்சுவான் ஆற்றங்கரையிலேயே பிறந்தவள். மெத்தி சனம், பிரெஞ்சுக்காரத் தகப்பன்மாருக்கும் க்ரீ இனத் தாய்மாருக்கும் வழிவழியாக வந்தவர்கள். அவள் மூன்று வயதுக் குழந்தையாக இருந்தபோது, ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தைந்தில், நிலத்துக்காகக் கலகம் செய்தார்களென்று சர்க்கார் பட்டாளம் பீரங்கி கொண்டுவந்து அவர்கள் ஊரைச் சுட்டது. நிலவறைக்குள் அம்மாவின் பாவாடைக்கடியில் கிடந்தது அவளுக்கு இன்னும் நினைவிருக்கிறது. அந்த ஊர்க்காரியின் பெரிய தம்பி மோயிஸ்தான் இப்போது அதே சர்க்கார் பட்டாளத்துச் சட்டையை மாட்டிக்கொண்டு பிரான்ஸில் நிற்கிறான். குதிரை பார்க்கிற வேலை என்றுதான் சேர்த்தார்கள். போனதும் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டார்கள்.

சின்னத் தம்பி நோர்பேருக்கு இருபது வயது. தாய் போனபிறகு ஒனோரின் வளர்த்த பிள்ளை. அவளுக்குச் சொந்தமாகப் பிள்ளை இல்லை. கட்டாயப் படைக்குப் பெயர் எழுதியபோது, பண்ணை வேலை செய்கிறவன் என்று சொல்லி ஒரு விலக்குச் சீட்டு வாங்கி வைத்திருந்தான். அது தேர்தலோடு போகுமா, அதற்குப் பிறகும் நிற்குமா என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை.

டிசம்பர் முதல் வாரத்தில் விறகு அறுத்தார்கள். பாப்ளார் மரத்தை மாடுகட்டும் கொட்டகைக்குப் பின்னால் போட்டு, இரண்டு பேர் இழுக்கிற நீள ரம்பம். இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். இழுக்கத்தான் வேண்டும், தள்ளக்கூடாது. தள்ளினால் தகடு வளைந்து மரத்துக்குள் மாட்டிக்கொள்ளும். மூச்சுவிட்டால் மீசையில் உறைகிற குளிர். நோர்பேர் ஏரியில் மாடுகளுக்காகப் பனிக்கட்டியை உடைக்கப் போயிருந்தான். புருஷனும் மனைவியும் ரம்பத்தின் இரண்டு முனையில் நின்று சண்டை போட்டார்கள்.

"உன் கையில இருக்கறது என்னோட ஓட்டு."

"என் தம்பி போய் நிக்கறதுக்காகக் குடுத்தது. உன்னோடதா எப்படி ஆகும்?"

"என்கிட்ட இருந்து எடுத்தாங்க, உன்கிட்ட குடுத்தாங்க. ஒரே வீடு. இழு, தள்ளாதே."

"இழுத்துட்டுத்தான் இருக்கேன்."

"கீழ இருக்கற பேருக்குப் போடணும். அவன்தான் ஆள் பிடிக்க வேண்டாங்கறவன். மேல இருக்கறவன் ஜெயிச்சா நோர்பேரைக் கொத்திக்கிட்டுப் போவான்."

"மோயிஸ் போய் ரெண்டு வருசமாச்சு. ஒரு தடவைகூட ஊருக்கு விடல. புது ஆள் வராட்டி இருக்கறவனையேதான் திரும்பத் திரும்ப முன்னால தள்ளுவாங்க, தீர்ற வரைக்கும்."

"யாரு அவனைப் போகச் சொன்னா? எண்பத்தஞ்சுல உங்க மாமனைச் சுட்டவன் சட்டையைப் போட்டுக்கிட்டான். மானம் இருந்தாப் போவானா?"

ஒனோரின் ரம்பத்தை விட்டுவிட்டாள். அவன் இழுத்த வேகத்தில் பின்னால் சாய்ந்து, விழாமல் சமாளித்துக்கொண்டான்.

"மானத்தைப் பத்தி நீ பேசாதே. நீ கோதுமை போடற நிலம் யாரோடது?"

"சர்க்கார் குடுத்துது."

"சர்க்காருக்கு யாரு குடுத்தா?"

"எனக்கென்ன தெரியும். கப்பல்ல இருந்து இறங்கினேன். நில ஆபீஸ்ல படத்தைக் காட்டி, இது காலி, போய் உழுன்னான்."

"காலியா? நீ வந்தப்ப கிணறு இருந்துச்சா இல்லியா?"

புரோகிப் ரம்பத்தின் பல்லில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டினான்.

"சொல்லு. கிணறு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"தோண்டினவன் எங்க போனான்னு கேட்டியா?"

அதைத் தோண்டியவர் ஒனோரினின் அப்பா. ஆற்றிலிருந்து நீளநீளமாக அவர்கள் பிரித்து வைத்திருந்த நிலத்தைச் சர்க்கார் சதுரமாக அளந்து, பதிலுக்கு ஒரு காகிதத்தைக் கொடுத்து ஒதுங்கச் சொன்னது. ஒதுங்கி, சாலையோரத்துக் குடிசையில் இருந்து செத்துப்போனார். அவர் ஒதுங்கிப் பத்து வருஷம் கழித்துப் புரோகிப் அந்தக் கிணற்றில் தண்ணீர் இறைத்தான். பிறகு அவர் மகளையும் கட்டிக்கொண்டான். அவள் நிலத்தைக் கட்டிக்கொண்டாள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு.

"நான் பிடுங்கல," என்றான் கடைசியில். "பிடுங்கினவன்தான் இப்ப என் பேரையும் அடிச்சிருக்கான். அவனுக்கே போடப் போறியா?"

அவள் குனிந்து ரம்பத்தின் பிடியை எடுத்தாள். "இழு," என்றாள். பொழுது சாயும்வரை அறுத்தார்கள்.

அந்த மாதத்தில் அந்த வீட்டு அடுப்பில் எப்போதும் இரண்டு பானை இருக்கும். அவனுக்கு ஜனவரி ஏழாம் தேதி கிறிஸ்துமஸ்; அதுவரை விரதம். இறைச்சி, பால், வெண்ணெய் எதுவும் தொடமாட்டான். முட்டைக்கோசும் காளானும் மொச்சையும்தான். அவளுக்கும் நோர்பேருக்கும் பன்றிக் கொழுப்பில் சுட்ட தட்டு ரொட்டியும் மான்கறிக் குழம்பும். மற்ற வருஷங்களில் 'உன் வாசனை என் விரதத்தைக் கெடுக்குது' என்று அவன் கேலி செய்வான், 'அப்ப மூக்கை வெளியில வெச்சிட்டு வா' என்று அவள் சொல்வாள். இந்த வருஷம் பானைகள் மட்டும்தான் கொதித்தன.

அப்படி ஒரு மத்தியானம் ஸ்பிரேக்கின் மனைவி பனிவண்டியில் வந்து இறங்கினாள். பத்து வருஷத்தில் அவள் அந்த வீட்டு வாசற்படி மிதித்தது அதுதான் முதல் தடவை. புரோகிப் அவளைப் பார்த்ததும் கோடரியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். அவள் மேல்கோட்டைக் கழற்றாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். கையில் பின்னிக்கொண்டிருந்த சாம்பல் நிறக் காலுறை. மூத்த மகன் ஏப்ரலில் பிரான்ஸில், வீமி மேட்டுச் சண்டையில் செத்தவன். அதற்கப்புறம் அவள் பின்னுவதை நிறுத்தவே இல்லை என்று சொல்வார்கள்.

ஒனோரின் தேநீர் கொடுத்தாள். ஸ்பிரேக் அம்மா சுவரைப் பார்த்தாள். புரோகிப்பின் சாமி படங்கள் இரண்டுக்கு நடுவில் மோயிஸின் பட்டாளப் படம் மாட்டியிருந்தது.

"உன் தம்பி எங்க பக்கம். நீயும் எங்க பக்கம்னுதான் நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வரேன். சில பேர் அப்படிச் சொல்லல."

"என்ன சொல்றாங்க?"

"கலீசியாக்காரன் பொண்டாட்டிக்கு எதுக்கு ஓட்டுன்னு."

"உங்களுக்குச் சந்தேகம் இல்லையா?"

"இருக்கு. அதான் வந்தேன்."

ஒனோரினுக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. பூசி மெழுகாமல் பேசுகிறவளை வெறுப்பது சுலபம்.

"எங்க ஆர்தர் இருந்த பட்டாளக் கம்பெனியில நூத்தி எழுபது பேர் போனாங்க," என்றாள் ஸ்பிரேக் அம்மா. "மிச்சம் நாப்பது. ஆள் வரல. வந்திருந்தா அவனைப் பின்னால அனுப்பியிருப்பாங்க. உன் தம்பியும் அந்த மாதிரி மிச்சத்துலதான் நிக்கறான். நீ மேல இருக்கற பேருக்குப் போட்டா டவுன்ல பில்லியர்ட்ஸ் ஆடிட்டு இருக்கறவனையெல்லாம் பிடிச்சு அனுப்புவாங்க. உன் தம்பி திரும்புவான்."

"இவன்?" ஒனோரின் கதவோரம் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்த நோர்பேரைக் காட்டினாள்.

ஸ்பிரேக் அம்மா பையிலிருந்து செய்தித்தாளை எடுத்து நோர்பேரிடம் கொடுத்தாள். "நீயே படி. பண்ணையில இருக்கற பையன்களைத் தொடமாட்டோம்னு மந்திரியே உத்தரவு போட்டாச்சு. எனக்கும் லெஸ்லி இருக்கான். அவனுக்கு இருபத்தொண்ணு. நம்பிக்கை இல்லாட்டி நான் உன் வீடு தேடி வருவேனா?"

நோர்பேர் மிஷன் பள்ளிக்கூடத்து ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டிப் படித்தான். "அப்படித்தான் போட்டிருக்கு அக்கா."

ஸ்பிரேக் அம்மா எழுந்தாள். தேநீரைத் தொடவில்லை. வாசலில் நின்று சொன்னாள்: "உன் புருஷன் என்ன சொன்னாலும் கேட்காதே. அவனைச் சண்டைக்கும் கூப்பிடல. கோதுமையை வித்துட்டு சொகமா இருக்கான்."

"அவனுக்குச் சொகம்னா என்னன்னு தெரியாது," என்றாள் ஒனோரின்.

சர்க்கார் காகிதத்தை நம்புகிற குடும்பத்தில் அவள் பிறக்கவில்லை. நிலத்துக்குப் பதிலாக அப்பா வாங்கிய காகிதம் ஒன்றுக்கும் உதவாமல் போனது அவளுக்குத் தெரியும். ஆனால் அந்தச் செய்தித்தாள் அவளுக்கு இரண்டு தம்பிகளையும் ஒன்றாகக் கொடுத்தது. ஒருவன் திரும்புவான், ஒருவன் போகவேண்டாம். இரண்டும் கிடைக்கும் என்று சொல்கிறபோது ஒன்று போதும் என்று யார் சொல்வார்கள்? அவள் நம்ப ஆசைப்பட்டாள், நம்பினாள். அவ்வளவுதான்.

டிசம்பர் பதினேழு, திங்கட்கிழமை. ஓட்டுப் போடுகிற இடம் ஐந்து மைல் தள்ளியிருந்த பள்ளிக்கூடம். புரோகிப்பே குதிரைகளைப் பூட்டினான், அவள் காலடியில் சுட்ட கல்லைச் சாக்கில் சுற்றி வைத்தான். வழியில் ஒரே ஒரு தடவைதான் பேசினான். "கீழ இருக்கற பேரு."

பள்ளிக்கூட வாசலில் அவனை நிறுத்திவிட்டார்கள். பட்டியலில் இல்லாதவன் உள்ளே வரக்கூடாது. குதிரைகளுக்குப் போர்வையைப் போட்டுவிட்டு அவற்றின் பக்கத்திலேயே நின்றான். உள்ளே போகிறவர்கள் அவனுக்கு முகம் கொடுக்காமல் போனார்கள். லாயத்தில் ஒருவன் கேட்கும்படியாகவே சொன்னான்: "பொண்டாட்டி ஆம்பளை வேலை பாக்கறா, இவன் குதிரை மேய்க்கறான்."

ஒனோரினைப் பைபிளின்மேல் கை வைக்கச் சொன்னார்கள். சண்டையில் இருப்பவன் கூடப்பிறந்த தம்பிதானா என்று கேட்டார்கள். ஒரே தாய்க்கா, ஒரே தகப்பனுக்கா என்றும் கேட்டார்கள். மற்றப் பெண்களிடம் அதைக் கேட்கவில்லை. அவள் சத்தியம் செய்தாள். மூலையில் குதிரைப் போர்வையைக் கட்டித் தடுப்பு செய்திருந்தார்கள். உள்ளே ஒரு பள்ளிக்கூட மேஜை, நூலில் கட்டிய கரிப் பென்சில்.

சீட்டில் இரண்டு பெயர்கள். அவளுக்கு இரண்டையும் படிக்கத் தெரியாது. கீழே இருந்ததைப் பார்த்தபோது வெளியே குளிரில் நிற்கிற புருஷன் ஞாபகத்துக்கு வந்தான். பாவமாகத்தான் இருந்தது. பிறகு மோயிஸின் முகத்தை நினைக்கப் பார்த்தாள். சின்ன வயது முகம்தான் வந்தது, இப்போதைய முகம் வரவில்லை. அவள் மேலே இருந்த பெயருக்கு நேராகக் குறுக்குக்கோடு போட்டுச் சீட்டை மடித்தாள்.

"கீழதானே?" என்றான் புரோகிப், அவள் வண்டியில் ஏறியதும்.

"குதிரைங்க நடுங்குது. ஓட்டு."

அவன் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டான். பாதி வழியில் தன் பாஷையில் பாட ஆரம்பித்தான். கலியாணமான புதிதில் பாடியவன், அதற்கப்புறம் அன்றுதான் பாடினான். ஒனோரின் போர்வையைக் காதுவரை இழுத்துக்கொண்டாள். குளிருக்கு என்று அவன் நினைத்திருப்பான்.

சர்க்கார் அமோகமாக ஜெயித்தது. புரோகிப் அதற்காக இடிந்துபோகவில்லை. ஜனவரியில் கிறிஸ்துமஸுக்கு வந்த தன் ஊர்க்காரர்களிடம், "என் பேரை அடிச்சாங்க, ஆனா என் ஓட்டு விழுந்துச்சு. இவ போட்டா," என்று சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டான். தேனும் கசகசாவும் கலந்த கோதுமைச் சோற்றில் முதல் கரண்டி வீட்டு ஆம்பளைக்குத்தான். அந்த வருஷம் அவன் அதை அவளிடம் நீட்டினான். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் வாயைத் திறந்து வாங்கி விழுங்கினாள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நோர்பேர்தான் வீட்டில் இருக்கிறானே, எதற்கு வம்பு என்று இருந்துவிட்டாள்.

பிப்ரவரியில் மோயிஸின் கடிதம் வந்தது. பிரெஞ்சில் அவனே எழுதியது. சாப்பாட்டு மேஜையில் வைத்து நோர்பேர் படித்தான். புரோகிப்புக்கும் விளங்க வேண்டுமென்று பிரெஞ்சோடு ஆங்கிலத்தையும் கலந்து சொன்னான்.

"'இங்க எங்களுக்கும் ஓட்டுச் சீட்டு குடுத்தாங்க. முழங்கால் சேத்துல வரிசையா நிக்க வெச்சு, பக்கத்துலயே ஆபீசர் நின்னான். நான் ஆள் பிடிக்க வேண்டாம்னு போட்டேன். கூட இருக்கறவனுங்க திட்டினாங்க. திட்டட்டும். நான் வந்து நிக்கறது போதும். நம்ம வீட்டுல இருந்து இன்னொருத்தன் இந்தச் சேத்துக்கு வர்றதுக்கு நான் கை தூக்க மாட்டேன். அக்காவுக்கும் ஓட்டு வந்துச்சுன்னு கேள்விப்பட்டேன். அவ என்ன போட்டிருப்பாங்கறது எனக்குத் தெரியும்.'"

புரோகிப் மேஜையில் ஓங்கித் தட்டினான். "பாத்தியா? நான் அவனுக்கு மானம் இல்லேன்னு சொன்னேன். தப்பு. அவன்தான் ஆம்பளை." ஒனோரின் பக்கம் திரும்பி, "உங்க வீட்டுல எல்லாருக்கும் ஒரே புத்தி," என்றான். அவன் அவளைப் பற்றிச் சொன்ன நல்ல வார்த்தைகளில் அதுவும் ஒன்று. அவள் எழுந்து அடுப்பில் விறகு போட்டாள். அடுப்பு நிறைய ஏற்கனவே விறகு இருந்தது.

ஏப்ரலில் பனி உருகி, உறைந்திருந்த ஆற்றில் கட்டி உடைந்தது. இருபத்திரண்டாம் தேதி மேட்டு நிலத்தில் பரம்படித்துக்கொண்டிருந்தபோது, ஸ்பிரேக் கடையிலிருந்து நோர்பேர் செய்தியோடு வந்தான். பிரான்ஸில் ஜெர்மானியர்கள் உடைத்துக்கொண்டு முன்னேறிவிட்டார்களாம். அதனால் விலக்குச் சீட்டெல்லாம் ரத்து. இருபது, இருபத்தொன்று, இருபத்திரண்டு வயதுக்காரர்கள், பண்ணையில் இருந்தாலும் சரி, எங்கே இருந்தாலும் சரி, வரவேண்டியது. அடுத்த வாரமே நோர்பேரின் பெயருக்குத் தாள் வந்தது. மே ஒன்பதாம் தேதி ரெஜைனாவில் ஆஜராக வேண்டும்.

புரோகிப் அன்று பொழுது சாயும்வரை பரம்படித்தான். குதிரைகளைக் கழற்றியதும் வீட்டுக்குள் போய், சாமி படத்துக்குப் பின்னால் சொருகியிருந்த ஓர் அட்டையை எடுத்து மேஜையில் வைத்தான். மரம் வெட்டப் போன இடத்தில் மார்ச் மாதம் காய்ச்சலில் செத்த அவன் அண்ணன் மகன் ஒலெக்சாவின் அட்டை. எதிரி நாட்டான் என்று அச்சடித்து, மாதம் ஒரு தடவை போலீஸில் போய் முத்திரை வாங்கியது.

"அவன் செத்தது போலீஸுக்குத் தெரியாது. எங்க ஆளுங்கதான் புதைச்சோம். இதை வெச்சுக்கோ. வடக்க எங்க ஜனங்க குடியிருக்கற பக்கம் போயிடு. என் தோல்கோட்டைப் போட்டுக்கோ."

"உங்க பாஷை எனக்குத் தெரியாதே அத்தான்."

"ஊமைன்னு சொல்லிக்கலாம்."

நோர்பேர் சிரித்துவிட்டான். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "எதிரின்னு எழுதியிருக்கு."

"எதிரியை எவனும் சண்டைக்குக் கூப்பிட மாட்டான். இந்த ஊர்ல இன்னைக்கு உசுரோட இருக்கறதுக்கு அதுதான் நல்ல பேரு."

"எங்கப்பாவைக் கலகக்காரன்னு எழுதி வெச்சாங்க. சாகற வரைக்கும் போகல அந்தப் பேரு. நான் வேற இன்னொண்ணை எடுத்து மாட்டிக்கணுமா? அதுவுமில்லாம, என்னைப் பிடிச்சா உங்களைத்தான் எதிரிங்களை அடைக்கற முகாமுக்கு இழுத்துட்டுப் போவாங்க. அக்கா தனியா இந்த நிலத்தை என்ன பண்ணுவா?"

"அதை நான் பாத்துக்கறேன்."

"வேண்டாம் அத்தான்."

"அக்கா, நீ சொல்லு," என்று புரோகிப் ஒனோரினைப் பார்த்தான். நோர்பேர் கூப்பிடுகிற மாதிரியே அவனும் கூப்பிட்டான், பதற்றத்தில். யாரும் சிரிக்கவில்லை.

"போகாதேடா," என்றாள் ஒனோரின். "அட்டையை எடுத்துக்கோ."

"மோயிஸ் அங்க தனியா நிக்கறான்," என்றான் நோர்பேர். அட்டையைப் புரோகிப் பக்கம் நகர்த்தி வைத்தான்.

ரயில் நிலையம் பதினோரு மைல். மே எட்டாம் தேதி காலை மூன்று பேரும் வண்டியில் போனார்கள். வழியெல்லாம் விதைப்பு நடந்துகொண்டிருந்தது. சில வயல்களில் கிழவர்களும் பெண்களும்தான் கருவியின்மேல் உட்கார்ந்திருந்தார்கள். நிலையத்தில் புரோகிப் வண்டியைவிட்டு இறங்கவில்லை. அவனுடைய பேச்சைக் கேட்டாலே உறுமுகிற கூட்டம் அது. நோர்பேரின் தலையைப் பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்துவிட்டுக் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

பிளாட்பாரத்தில் இருபது பையன்கள் இருந்தார்கள். ஒனோரின் நோர்பேரை எடைமேடைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். ரொட்டியும் உப்புக்கண்டமும் கட்டிய பையை இன்னும் தன் கையிலேயே வைத்திருந்தாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நான் அன்னைக்கு மேல இருக்கற பேருக்குத்தான் போட்டேன்."

நோர்பேர் அவளைப் பார்த்தான். முதலில் அவனுக்கு விளங்கவில்லை. விளங்கியதும் முகத்தைத் திருப்பித் தண்டவாளத்தைப் பார்த்தான்.

"உன்னை விட்டுடுவாங்கன்னு நினைச்சேன். அந்தப் பேப்பர்ல நீதானே படிச்ச."

ரயில் வந்தது. நோர்பேர் அவள் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டு ஏறினான். பிளாட்பாரத்தைப் பார்த்த ஜன்னலோரம் இடம் இருந்தது. அவன் மறுபக்கத்து வரிசையில் போய் உட்கார்ந்தான்.

புகை அடங்கியபோது பக்கத்தில் ஸ்பிரேக் அம்மா நின்றிருந்தாள். அவளுடைய லெஸ்லியும் அதே பெட்டியில்தான் போயிருந்தான். அவள் கையில் பின்னல் இல்லை. கையுறையைக் கழற்றிவிட்டு வெறும் கையை நீட்டினாள்.

"இப்ப நீயும் எங்கள்ல ஒருத்தி ஆயிட்ட, ஒனோரின்."

"நீங்க கொண்டுவந்து காட்டின பேப்பர்ல தொடமாட்டோம்னு போட்டிருந்துச்சு."

"எங்களையும்தான் ஏமாத்திட்டாங்க. எனக்கு இனிமே யாரும் இல்ல."

ஒனோரினுக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைப்பானேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. தன் வயிறு எரிகிற மாதிரி இன்னொருத்தி வயிறும் எரிகிறது என்கிற சந்தோஷம். நீட்டிய கையை அவள் தொடவில்லை. நீட்டியவளும் கொஞ்சநேரம் அப்படியே வைத்திருந்துவிட்டு உறையை மாட்டிக்கொண்டாள்.

திரும்பும்போது காற்று எதிர்க்காற்றாக இருந்தது. உழுத நிலத்திலிருந்து புழுதி எழும்பி வண்டிக்குள் அடித்தது. மூன்றாவது மைலில் புரோகிப் பேசினான்.

"ஒண்ணு மட்டும் மனசுக்கு ஆறுதல். அவனை அனுப்பினதுல நம்ம கை இல்ல."

"என் கை இருக்கு," என்றாள் ஒனோரின்.

அவன் புரியாமல் பார்த்தான்.

"மேல இருக்கற பேருக்குப் போட்டேன்."

குதிரைகள் நடந்துகொண்டிருந்தன. ஒரு வேலியைத் தாண்டி இன்னொரு வேலி வந்தது.

"மோயிஸுக்காகவா?"

"ஆமா."

"நோர்பேருக்குத் தெரியுமா?"

"பிளாட்பாரத்துல சொன்னேன்."

"என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல. பையை வாங்கிட்டு ஏறிட்டான்."

புரோகிப் குதிரைகளை நிறுத்தினான். கத்துவான் என்று அவள் எதிர்பார்த்தாள், அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தாள். அவன் குரல் ஏறவே இல்லை. வெகு நாளாக யோசித்துக்கொண்டிருந்த ஒரு கணக்கு இப்போதுதான் விளங்கிய மாதிரிப் பேசினான்.

"எனக்கு ஓட்டு இருந்திருந்தா நான் கீழ போட்டிருப்பேன். நீ மேல. ரெண்டும் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கிட்டுப் போயிருக்கும். இந்த வீட்டுல இருந்து ஒண்ணுமே விழுந்திருக்காது." கடிவாளத்தை அவள் மடியில் வைத்தான். "அதுக்குத்தான் என்னோடதைப் பிடுங்கினாங்க."

இறங்கிச் சாலையோரமாக நடக்க ஆரம்பித்தான். ஒனோரின் அவனுக்கு இணையாக வண்டியைக் கொஞ்சதூரம் ஓட்டினாள். "ஏறு," என்றாள். அவன் ஏறவில்லை. எட்டு மைல் பாக்கி இருந்தது. வீட்டில் மாடுகளுக்குத் தண்ணீர் காட்ட இனி ஆள் இல்லை. அவள் கடிவாளத்தை உதறி, அவனைத் தாண்டிப் போனாள்.